பத்திரத்தின் ஆயுளும் பிரவுசரின் பூட்டும்

செட்டிநாட்டில் ஒரு வீட்டை விற்பதோ பிரிப்பதோ ஓர் ஆள் செய்கிற காரியம் இல்லை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வளவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவருக்கு மூன்று நான்கு தலைமுறை கழித்துப் பங்காளிகள் கோலாலம்பூர், சிங்கப்பூர், நியூ ஜெர்சி, சென்னை என்று சிதறிக் கிடப்பார்கள். முகப்பில் ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் நாலு பேரிடம் சம்மதம் கேட்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம், பவர் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் ஸ்கேன் ஆகி மின்னஞ்சலில் போகின்றன, வருகின்றன. ரஜூலா கப்பலில் கடுதாசி போன அதே திசையில்தான், சென்னையில் கரையேறும் கடலடிக் கேபிள்கள் வழியே இவையும் சிங்கப்பூருக்குப் போகின்றன.

இந்தக் காகிதங்களுக்கு ஆயுள் அதிகம். இன்று எழுதும் பாகப்பிரிவினைக்கு 2060இலும் மதிப்பு இருக்கும், சண்டையும் இருக்கும். இன்றைய இணையப் பூட்டுகளை ஒருநாள் உடைக்கக்கூடிய குவாண்டம் கணினி பற்றிய பேச்சு காரைக்குடிக்கு எந்த வகையில் சம்பந்தம் என்று கேட்டால் என் பதில் இதுதான். அந்தக் கணினி எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் ரகசியம் எத்தனை வருஷம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

காரணம், திருட்டு இரண்டு தவணையில் நடக்கலாம். கேபிளில் ஓடும் தகவலைக் குறியாக்கத்தோடு அப்படியே பதிந்து வைத்துக்கொள்வது முதல் தவணை. அதற்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை, சேமிக்க இடம் இருந்தால் போதும். பத்தோ பதினைந்தோ வருஷம் கழித்துத் தகுந்த இயந்திரம் கிடைத்ததும் பழைய பதிவுகளைத் திறப்பது இரண்டாவது. இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. கடலடிக் கேபிள்களில் ஓடும் போக்குவரத்தை உளவு நிறுவனங்கள் மொத்தமாக அள்ளுவதை அமெரிக்க உளவு நிறுவனத்துக்கு வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் வெளியிட்ட ஆவணங்கள் காட்டிவிட்டன.

பிரவுசரில் ஒரு தளத்தைத் திறக்கும்போது என்ன நடக்கிறது? நம் கணினியும் அந்தப் பக்கத்துச் சர்வரும் முதலில் இரண்டு வேலை செய்கின்றன. இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியைப் பொதுவெளியிலேயே பேசி முடிவுசெய்வது ஒன்று. “நான் உண்மையிலேயே இந்த வங்கிதான்” என்று சர்வர் சான்றிதழும் கையொப்பமும் காட்டுவது மற்றொன்று. இவை முடிந்த பிறகுதான் உள்ளடக்கம் ஓட ஆரம்பிக்கிறது. அதை ஏஇஎஸ் போன்ற முறை அந்தச் சாவியால் குறியாக்கம் செய்கிறது. இந்த மூன்றில் ஏஇஎஸ்ஸுக்குப் பெரிய ஆபத்து இல்லை. 1996இல் லவ் குரோவர் கண்டுபிடித்த குவாண்டம் தேடல் முறை அதன் பலத்தைக் காகிதத்தில் குறைக்கும், ஆனால் சாவியைக் கொஞ்சம் நீளமாக்கினால் சரியாகிவிடும். அடி விழுவது முதல் இரண்டு வேலைகளில்.

அந்த அடியைக் கொடுத்தவர் பீட்டர் ஷோர். 1994இல் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது அவர் காட்டிய வழி, கணக்குத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பாதி புரியும். 15 என்ற எண்ணின் காரணிகள் நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். 2இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் 15ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 1, 2, 4, 8, மறுபடி 1, 2, 4, 8. நான்கு படிக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. அந்த நான்கில் பாதி இரண்டு. 2இன் இரண்டாம் அடுக்கு 4. அதற்கு ஒன்று குறைவு 3, ஒன்று கூட 5. இரண்டும் 15இன் காரணிகள். எந்தப் பெரிய எண்ணிலும் மீதிகள் இப்படி எத்தனை படிக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன என்று தெரிந்துவிட்டால், அதை உடைப்பது அநேகமாகக் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

பெரிய எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதையே பூட்டாக வைத்தது ஆர்எஸ்ஏ முறை. அதில் இன்று புழங்கும் 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கங்கள். அதில் மீதிகள் திரும்பி வருவதற்குள் நம் கணினிகளுக்கு யுகம் போய்விடும். குவாண்டம் கணினி படிப்படியாக எண்ணிக்கொண்டு போவதில்லை. எல்லா அடுக்குகளையும் ஒரே நிலையில் மேற்பொருத்தி, அலைகள் ஒன்றையொன்று அழிக்கவும் கூட்டவும் விட்டு, அந்தத் திரும்பும் இடைவெளியை மட்டும் மிஞ்சும்படி செய்கிறது. பிரவுசர்கள் சாவி பேசுவதற்குப் பயன்படுத்திவந்த எக்ஸ்25519 என்ற நீள்வட்ட வளைவு முறையும் ஏறக்குறைய இதே தந்திரத்தில் விழும். வளைவுகளின் சாவி சின்னது என்பதால் அதை உடைக்க ஆர்எஸ்ஏவை விடக் குறைந்த க்யூபிட்டே (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) போதும் என்பது கூடுதல் வேதனை.

அப்படி ஒரு இயந்திரம் இப்போது இருக்கிறதா என்றால் இல்லை. ஐபிஎம் 2023 டிசம்பரில் 1,121 க்யூபிட் கொண்ட காண்டோர் சில்லைக் காட்டியது. கூகுள் 2024 டிசம்பரில் காட்டிய வில்லோவில் 105தான், ஆனால் பிழை திருத்தத்தில் அது முன்னேறியது. ‘ஆயிரம் க்யூபிட் தாண்டியாச்சு’ என்று தலைப்புப் போடுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. க்யூபிட்டுகள் ஓயாமல் பிழை செய்பவை. நம்பகமான ஒன்றைப் பெற, பிழை செய்யும் நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கவலை தருவது இன்னொரு எண். 2019இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எகெராவும் கணக்குப் போட்டபோது, 2048 பிட் ஆர்எஸ்ஏவை எட்டு மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று வந்தது. அதே கிட்னி 2025 மே மாதம் மறுபடி கணக்குப் போட்டார். 10 லட்சத்துக்கும் குறைவாக இருந்தாலே போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்றார். ஒருபக்கம் இயந்திரம் வளர்கிறது, மறுபக்கம் அதற்குத் தேவையான அளவு சுருங்குகிறது. பலரும் முதலாவதை மட்டுமே பார்க்கிறார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மிக்கேல் மோஸ்கா இதற்கு ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறார். தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்பதோடு, புதிய முறைக்கு மாற எத்தனை ஆண்டு ஆகும் என்பதைக் கூட்டுங்கள். இயந்திரம் வர ஆகும் ஆண்டுகளைவிட அந்தத் தொகை பெரியதாக இருந்தால் நீங்கள் இப்போதே தாமதம். ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடம், அது போகட்டும். ஏடிஎம் கார்டு எண் ஐந்தாறு வருஷத்தில் மாறிவிடும். கானாடுகாத்தானின் பாரம்பரிய வீட்டு ஓட்டல்கள் வாங்கிவைக்கும் பாஸ்போர்ட் நகலுக்குப் பத்து வருஷம். ஆதாரோடு இணைந்த கைரேகையை யாரும் மாற்றிக்கொள்ள முடியாது. குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி, யார் பங்கை யார் என்ன விலைக்குக் கேட்டார்கள் என்பவை பேரன் காலத்திலும் வம்பை இழுக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயமுறுத்துவதாக ஆகிவிடும். பள்ளத்தூர் வீட்டுப் பாகப்பிரிவினையைத் திறக்க எந்த நாட்டு உளவுத்துறையும் கோடிக்கணக்கில் செலவு செய்யாது. பிரவுசரும் சர்வரும் பூட்டிப் பேசும் விதிமுறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3இல் ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக ஒரு சாவி பேசப்படுகிறது, வேலை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. ஆகவே பதிந்து வைத்திருப்பவர் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாக உடைத்தாக வேண்டும். ஆரம்பகால இயந்திரங்களின் ஒரு மணி நேரமே தங்கத்தின் விலை இருக்கும். எல்லாவற்றையும் திறந்து பார்க்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் டிஎல்எஸ் 1.2இல், அதுவும் பழைய ஆர்எஸ்ஏ சாவிப் பரிமாற்றத்திலேயே ஓடும் சர்வர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கதை வேறு. சர்வரின் ஒரே ஒரு சாவியை உடைத்தால் அந்தச் சாவி புழங்கிய காலத்தில் வந்துபோன அத்தனை பேருடைய தகவலும் திறந்துவிடும். கொஞ்சம் செலவு, மொத்த லாபம். திருடனுக்கு அந்தக் கணக்குப் பிடிக்கும்.

சரி, மருந்து என்ன? அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2016இல் உலகம் முழுவதும் அழைப்பு விடுத்தது. 69 முறைகள் முதல் சுற்றில் ஏற்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் கணித வல்லுநர்கள் அவற்றை உடைக்கப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரநிலைகள் வெளியாயின. சாவி பேசுவதற்கானது எம்எல்-கெம், பிறந்தபோது அதன் பெயர் கைபர். மற்ற இரண்டும் கையொப்பத்துக்கானவை.

எம்எல்-கெம்மின் அடிப்படை பள்ளிக்கூடத்து ஒருங்கமைச் சமன்பாடுதான். இரண்டு சமன்பாடு, எக்ஸ், ஒய் என்று இரண்டு தெரியாதவை; ஒன்றை நீக்கி மற்றதைக் கண்டுபிடிப்போம். இப்போது தெரியாதவை 768 என்று வையுங்கள். ஒவ்வொரு சமன்பாட்டின் விடையிலும் வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழையைச் சேர்த்துவிடுங்கள், ஒன்றோ இரண்டோ கூட்டி அல்லது குறைத்து. எண்கள் எல்லாம் 3329ஐத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். பிழை இல்லாவிட்டால் கணினி கண் சிமிட்டும் நேரத்தில் விடை சொல்லிவிடும். பிழை இருப்பதால், ஒன்றை நீக்க நீக்க அந்தச் சின்னப் பிழைகள் பெருகி விடையையே மூடிவிடுகின்றன. ஓடெட் ரெகெவ் 2005இல் முன்வைத்த இந்தப் புதிரில் திரும்பி வரும் இடைவெளி எதுவும் இல்லை, ஆகவே ஷோரின் தந்திரத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. வேறு தந்திரம் நாளை கிடைக்குமா? கிடைக்காது என்று நிரூபித்தவர் யாரும் இல்லை.

அந்தப் பயம் வீணானது அல்ல. நிஸ்ட் போட்டியில் கடைசிவரை தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த சைக் என்ற முறையை 2022இல் வூட்டர் காஸ்ட்ரிக், தோமஸ் டெக்ரு இருவரும் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு செயலி மையத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் கணினி எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு ரெயின்போ என்ற கையொப்ப முறையை வார்ட் பியூலன்ஸ் ஒரு மடிக்கணினியில் ஒரு வார இறுதியில் முடித்துவிட்டார். புதியதை நம்பிப் பழையதைத் தூக்கிப் போடக்கூடாது என்று பிரவுசர்காரர்கள் முன்பே எடுத்திருந்த முடிவு சரிதான் என்று இது காட்டியது. எக்ஸ்25519ஐயும் எம்எல்-கெம்மையும் சேர்த்தே ஓட்டுகிறார்கள், இரண்டிலும் கிடைக்கும் ரகசியங்களைக் கலந்து ஒரு சாவி உருவாகிறது. இரண்டும் உடைந்தால்தான் உள்ளே வர முடியும். முழுக் களத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

குரோம் 2016லேயே சின்ன அளவில் சோதித்துப் பார்த்தது. 2024 ஏப்ரலில் வந்த 124ஆம் பதிப்பில் மேசைக்கணினி முழுவதற்கும் தானாகவே இயங்கும்படி ஆக்கியது. அப்போது கைபர், அந்த ஆண்டு நவம்பரில் தரநிலைப்படியான எம்எல்-கெம். ஃபயர்ஃபாக்ஸ் 132ஆம் பதிப்பில் அதற்கு மாறியது. ஆப்பிள் 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26இல் சேர்த்தது. ஏராளமான தளங்களின் போக்குவரத்தைத் தன் வழியே கடத்தும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கணக்குப்படி 2025 இறுதியில் அதன் வழியே மனிதர்கள் செய்யும் போக்குவரத்தில் ஏறக்குறைய பாதி இந்தப் புதிய முறையில் போனது. யாரும் நம்மைக் கேட்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் இடித்தது. பிரவுசர் முதலில் அனுப்பும் வணக்கச் செய்தியில் பழைய சாவிப் பங்குக்கு 32 பைட் போதும். புதிய ஜோடிக்கு 1,216 பைட். இணையத்தில் ஒரு பொட்டலத்தின் அளவு பெரும்பாலும் 1,500 பைட்டுக்குள், மற்ற விவரங்களும் சேர்ந்தால் வணக்கம் இரண்டு பொட்டலமாகப் பிரிந்துவிடும். வணக்கம் எப்போதும் ஒரே பொட்டலத்தில் வரும் என்று நம்பி எழுதப்பட்ட சர்வர்களும் ஃபயர்வால் பெட்டிகளும் உலகில் நிறைய இருந்தன. அவை முதல் பொட்டலத்தோடு இணைப்பை அறுத்துக்கொண்டன. 124ஆம் பதிப்பு வந்த வாரம் ‘குரோமில் மட்டும் இந்தத் தளம் திறக்க மாட்டேன் என்கிறது’ என்று பல நிர்வாகிகள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். தரநிலையில் அப்படி எந்த வரம்பும் கிடையாது, சோம்பல் எழுதிய வரம்பு அது.

உலகம் மாறிவிட்டது, சரி. நம் ஊர்? சில மாதங்களுக்கு முன் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் பையில் பத்திரக் கட்டோடு ஓர் ஆச்சி. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும். பையன் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து மெயிலில் ஏற்றினான்.

“சரியாப் போயிருச்சா தம்பி? வேற யாரும் பாத்துற மாட்டாகளே?”

“போயிருச்சு ஆச்சி. மேல பூட்டுப் படம் இருக்குல்ல, அப்ப ஒண்ணும் பயமில்ல.”

பூட்டுப் படம் இருந்தது உண்மை. ஆனால் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. பழைய விண்டோஸுக்கு கூகுள் கடைசியாகக் கொடுத்தது குரோம் 109, 2023 ஜனவரி. அதற்குப் பிறகு வந்த குரோம் எதுவும் அந்தக் கணினியில் ஏறாது, கைபரும் ஏறாது, எம்எல்-கெம்மும் ஏறாது. அந்தப் பக்கம் கூகுளின் சர்வர் புதிய முறைக்குத் தயாராக இருக்கும். இந்தப் பக்கம் கேட்கத் தெரியாததால், இரண்டும் பழைய எக்ஸ்25519லேயே பேசி முடித்துக்கொள்கின்றன. பூட்டுப் படம் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. ஊரிலேயே நீண்ட ஆயுளுள்ள காகிதங்கள் ஊரிலேயே பழைய கணினியின் வழியாக வெளியே போகின்றன. அந்த வேலையை ஆச்சி தன் பேரனின் கைபேசியில் செய்திருந்தால் இதைவிடப் பத்திரமாகப் போயிருக்கும். கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கிப் புதுக் கணினி எப்போது வாங்குவது?

உங்கள் இணைப்பு எந்த ரகம் என்று பார்க்க வழி இருக்கிறது. மேசைக்கணினி குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பாதுகாப்புப் பகுதிக்குப் போனால், இணைப்பு விவரத்தில் ‘எக்ஸ்25519எம்எல்கேஇஎம்768’ என்று வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் தெரிய வேண்டும். வெறும் எக்ஸ்25519 என்றோ பி-256 என்ற இன்னொரு பழைய வளைவின் பெயரோ இருந்தால் உங்கள் பிரவுசரோ எதிர்ப்பக்கத்துச் சர்வரோ இன்னும் மாறவில்லை. இந்தப் பூட்டு சர்வர் வரைக்கும்தான் என்பதும் நினைவிருக்கட்டும். மெயில் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அதைக் காப்பது வேறு ஏற்பாடு.

இரண்டாவது வேலைக்கு வருவோம், அதாவது கையொப்பம். இங்கே இன்னும் எதுவும் மாறவில்லை. வங்கித் தளத்தின் சான்றிதழ் இன்றும் ஆர்எஸ்ஏ அல்லது நீள்வட்ட வளைவால்தான் கையொப்பமிடப்படுகிறது. இதை அசட்டை என்று நினைக்க வேண்டாம். ரங்கூன் கடை உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்ட சீட்டை, நினைத்துக்கொள்ளுங்கள். பணம் பட்டுவாடா ஆகிப் பேரேட்டிலும் ஏறிவிட்ட உண்டியலுக்குப் பத்து வருஷம் கழித்து ஒருவன் கள்ளக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டால் அவனுக்கு ஒரு காசும் கிடைக்காது. அதுபோல, இன்று நடந்து முடிந்த இணைப்பில் சர்வர் யார் என்று சரிபார்த்தாயிற்று. 2040இல் வரும் இயந்திரம் பின்னோக்கிப் போய் அதை ஏமாற்ற முடியாது. இயந்திரம் வருவதற்கு முந்தைய நாள் மாற்றினாலும் போதும். ஆனால் உலகம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால் வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கிறது.

கஷ்டம் அளவில்தான். இன்றைய வளைவுக் கையொப்பம் 64 பைட். நிஸ்ட்டின் புதிய கையொப்பத் தரநிலைகளில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏவின் சின்ன வடிவத்தில் கையொப்பம் 2,420 பைட், பொதுச் சாவி 1,312. ஒரு இணைப்பைத் திறக்கும்போது சான்றிதழ், அதற்கு மேல் உள்ள சான்றிதழ், பதிவேட்டுச் சான்றுகள் என்று ஐந்து கையொப்பம், இரண்டு சாவி வரை வரும். கூட்டினால் 14 கிலோபைட்டைத் தாண்டுகிறது. சர்வர் முதல் மூச்சில் அனுப்பக்கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான், பக்கம் திறக்க இன்னொரு சுற்று காத்திருக்க வேண்டிவரும். தேவகோட்டையைத் தாண்டிச் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடங்களில் அது உறைக்கும். இதற்காகச் சோதிக்கப்படும் வழிதான் மெர்க்கிள் மரச் சான்றிதழ். சான்றிதழ் வழங்குபவர் ஆயிரக்கணக்கான தளங்களை ஒரே மரமாகக் கட்டி வேருக்கு மட்டும் கையொப்பமிடுகிறார். ஒரு தளம் தான் அந்த மரத்தில் இருப்பதைக் காட்ட சில நூறு பைட் சான்று போதும். நிஸ்ட்டின் வரைவுத் திட்டம் இன்றைய ஆர்எஸ்ஏ 2048ஐ 2030க்குப் பிறகு தவிர்க்கவும் 2035க்குப் பிறகு அறவே விடவும் சொல்கிறது.

ஆனால் உண்டியல் கணக்கு எல்லாக் கையொப்பத்துக்கும் பொருந்தாது, செட்டிநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பதிவுத்துறை இணையத்தில் தரும் வில்லங்கச் சான்றிதழ் மின்கையொப்பமிட்டது. பங்காளிகள் வெளிநாட்டில் இருந்தபடியே மின்கையொப்பமிடும் ஒப்பந்தங்களும் பெருகிவிட்டன. இவை அந்த நிமிஷத்தோடு முடிந்துபோகும் கையொப்பங்கள் அல்ல. முப்பது வருஷம் கழித்து நீதிமன்றத்தில் ‘இது 2026இலேயே போட்டது’ என்று நிற்க வேண்டியவை. பழைய முறை உடைந்துவிட்டால், 2045இல் உட்கார்ந்துகொண்டு 2026 தேதியிட்ட பத்திரம் ஒன்றை யாரும் தயாரிக்கலாம். எது அசல், எது நேற்றுச் செய்தது என்று கையொப்பத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாமல் போகும். பழைய ஆவணத்தின் மேல் புதிய முறையில் நேரமுத்திரையும் மறுகையொப்பமும் இடுவது இதற்குள்ள பரிகாரம். அதையும் பழைய முறை உடைவதற்கு முன்பே செய்தாக வேண்டும், உடைந்த பிறகு செய்தால் செல்லாது. இந்த வேலையைக் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ நமக்காகச் சத்தமில்லாமல் செய்துதர முடியாது.

குவாண்டம் என்றதும் நம் செய்தித்தாள்கள் தேசிய குவாண்டம் திட்டத்தைச் சேர்த்து எழுதுகின்றன. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய்க்கு அனுமதித்தது, குவாண்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அங்கே பேசப்படும் குவாண்டம் சாவி விநியோகம் ஒளியணுக்களை அனுப்பத் தனி இழையும் கருவியும் கேட்பது. இரண்டு ராணுவ மையங்களுக்கு இடையே போடலாம், கோட்டையூரில் ஒருவர் கைபேசியில் வங்கித் தளம் திறப்பதற்குப் போட முடியாது. பிரவுசருக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு முழுக்கச் சாதாரணக் கணினியில் ஓடும் சாதாரணக் கணக்கு.

காரைக்குடியில் சொந்தமாகச் சர்வர் வைத்திருக்கும் கல்லூரிகளும் கூட்டுறவு அமைப்புகளும் அறை முன்பதிவு வாங்கும் ஓட்டல்களும் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சர்வர்களில் குறியாக்க வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 2025 ஏப்ரலில் வந்த 3.5ஆம் பதிப்பிலேயே எம்எல்-கெம் இருக்கிறது, அதற்கோ அதற்கு மேற்பட்ட பதிப்புக்கோ மாறினால் சாவிப் பரிமாற்றம் தீர்ந்தது. பழைய ஆர்எஸ்ஏ பரிமாற்றத்தை அமைப்பில் அணைத்துவிட வேண்டும். வாசலில் நிற்கும் ஃபயர்வால் பெட்டி பிரிந்து வரும் வணக்கத்தை விழுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் ஒரு மதியத்து வேலை. மின்கையொப்பமிட்ட பழைய கோப்புகளின் பட்டியலை எடுப்பதற்குத்தான் மாதக்கணக்கு ஆகும். எது எங்கே இருக்கிறது என்று முதலில் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.